ஜோலார்பேட்டை: தானியம் வந்த வழியும் தோல் போன வழியும்

சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குப்பம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஏறுகிறது. மற்றொன்று திருப்பத்தூர், சேலம், கோவை வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகிறது. ஏலகிரி மலையடிவாரத்தில், ஏரியையும் கிணற்றையும் நம்பிய வறண்ட மண்ணில் இருக்கும் இந்த ஊர் நெற்களஞ்சியம் என்று ஒருபோதும் பெயர் எடுத்ததில்லை. ஆனாலும் தானியச் சந்தையை அரசு திறந்துவிட்டபோதும் இறுக்கி மூடியபோதும் அதன் விளைவுகள் இந்தச் சந்திப்பைக் கடந்துதான் போயிருக்கின்றன. தாராளமயம் என்றதும் 1991 நினைவுக்கு வருவது வழக்கம். பாலாற்றின் மேற்படுகைக்கு அது முதல் அனுபவம் அல்ல, குறைந்தது நான்காவது.

இந்தப் பகுதியின் பழைய உணவு புன்செய்த் தானியம். கேழ்வரகும் கம்பும் சோளமும் சமவெளியில் விளைந்தன. சாமையும் தினையும் ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் விளைந்தன. நெல் ஏரியின் கீழும், பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீரை இழுத்துவந்த கால்வாய்களின் கீழும் மட்டும்தான். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. நீர் மணலுக்கு அடியில் ஓடியது. கிணறுகள் அதைக் குடித்தே பிழைத்தன. நெல் பணக்காரர் வீட்டுச் சோறாகவும் பண்டிகைச் சோறாகவும் இருந்தது. மற்றவர்களுக்குக் களியும் கூழும். கேழ்வரகைக் குழியிலும் குதிரிலும் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கலாம் என்பது இந்த உணவுமுறையின் பெரிய பலம். மழை பொய்க்கும் நாட்டில் அந்தக் குதிர்தான் காப்பீடு.

அந்தக் காப்பீட்டில் முதல் ஓட்டை விழுந்தது வரிவசூலில். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, இந்த வட்டாரம் அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் தங்கினார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். பிற்பாடு சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது. நிலத்தை அளந்து, ஒவ்வொரு பயிர்க்காரர் பெயரிலும் ரொக்கத்தில் தீர்வை விதித்தார்கள். இடைத்தரகர் ஒழிந்தார் என்று அந்த முறையைப் புகழ்வதில் நியாயம் உண்டு. ஆனால் ரொக்கத்தில் கிஸ்தி கட்ட வேண்டியவர் அறுவடை முடிந்த கையோடு, விலை மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில், தானியத்தை விற்றாக வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கவும் வேண்டும். குதிரில் இருந்தது மண்டிக்குப் போனது. 1844இல் சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கமும் எடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்து தன் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கியது. சரக்கு தடையின்றிப் போனால் விலை தானே சரியாகும் என்ற கொள்கை இரண்டு கரையிலும் ஆட்சிக்கொள்கையாக இருந்த காலம் அது.

கொள்கைக்குக் கால் கொடுத்தது ரயில். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய சென்னை ரயில்வே, 1862க்குள் மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குப் போகும் கிளை 1864 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மாட்டுவண்டியில் நாள்கணக்காகப் போன மூட்டை இனி ஒரே இரவில் போகலாம். இதில் ஒரு முரண் இருந்தது. ரயில் பஞ்சப் பகுதிக்குத் தானியத்தைக் கொண்டுவரும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதே ரயில் விலை உயர்ந்த இடத்தை நோக்கித் தானியத்தை இழுக்கவும் செய்யும் என்பதையும், விளைச்சல் கெடாத ஊரிலும் பஞ்ச விலை ஏறும் என்பதையும் 1876 வரை யாரும் உணரவில்லை.

தாது வருஷப் பஞ்சம் அதைக் காட்டிக்கொடுத்தது. 1876இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. திருப்பத்தூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. வட ஆர்க்காட்டுக்கு அது மாற்றப்பட்டது 1911இல்தான். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19,66,995. 1881இல் அது 15,99,595. பத்தாண்டில் சேர வேண்டிய இயல்பான பெருக்கத்தைக் கணக்கில் கொள்ளாமலே, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறைவு. பஞ்சம், அதோடு வந்த காலரா, ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கும்.

சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் நிர்வாகம் தொடக்கத்தில் சரியான ஒரு காரியம் செய்தது. 30,000 டன் தானியத்தை அரசே வாங்க ஏற்பாடு செய்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் இந்திய அரசு அதைக் கண்டித்தது. அரசு வாங்கினால் வியாபாரி பின்வாங்குவான், தனியார் வணிகத்தில் கைவைக்கக் கூடாது என்பது கல்கத்தாவின் வாதம். நிலைமையைப் பார்க்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், மூன்றாண்டுக்கு முன் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்துப் பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் பஞ்சத்தைச் சமாளித்தவர். அதற்காகவே ஊதாரி என்று திட்டு வாங்கியவர். அந்தக் கறையைத் துடைக்க வந்தவர்போல நிவாரண வேலையில் கூலியை ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்: அந்த அளவு உணவில் உழைக்கும் உடல் தாங்காது என்று எழுதிக்கொண்டே இருந்தார். கூலி பிறகு உயர்த்தப்பட்டது. அதற்குள் நேர்ந்தது நேர்ந்துவிட்டது.

சென்னைத் துறைமுகத்தில் கடல்வழி அரிசி குவிந்தது. மைசூருக்குப் போக வேண்டியதும் ஜோலார்பேட்டை வழிதான், சேலத்துக்குப் போக வேண்டியதும் அதே வழிதான். பாதையும் வண்டிகளும் அந்த அளவுக்குப் போதவில்லை. இறங்கிய தானியத்துக்கும் வியாபாரி வைத்ததே விலை. பஞ்சத்தின்போது இந்தியக் கோதுமை பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. தானியம் இல்லாததைவிட, தானியத்தை வாங்கக் கூலி இல்லாததே அதிகம் பேரைக் கொன்றது என்ற முடிவுக்கு 1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷனே ஏறத்தாழ வந்து சேர்ந்தது. அதன் பரிந்துரையில் எழுந்த பஞ்ச விதித்தொகுப்புகள் வேலைக்கும் கூலிக்கும் வழி செய்தன. தானியச் சந்தையைத் தொடவில்லை.

இதே பஞ்சம் இன்னொரு தொழிலுக்குச் சரக்கு கொடுத்தது. மேய்ச்சலும் நீரும் இல்லாமல் மாடுகள் மடிந்தன. தோல் ஏற்றுமதி ஏறியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னைத் தோலுக்கு லண்டன் ஏலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்கள் தோல் ஷாப்புகளை வைத்தார்கள். ஆற்று மணலில் நல்ல நீர், சுற்றிலும் ஆவாரம் புதர், பக்கத்தில் ரயில் நிலையம் ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். பட்டை போட்டுப் பதனிட்ட அந்தக் காலத்தில் கழிவுநீர் துர்நாற்றம் அடித்தாலும் நிலத்தைச் சாகடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தார். முதல் உலகப் போர் ராணுவப் பூட்ஸுக்காக இப்பகுதித் தோலை மொத்தமாக வாங்கியது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆவாரம்பட்டைதான் இங்கே ஆட்சி செய்தது.

வயலில் அதே நேரத்தில் நிலக்கடலை நுழைந்தது. மார்சேல் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்காகத் தென்னார்க்காட்டில் பரவிய பயிர், வடக்கே வட ஆர்க்காட்டின் செம்மண்ணுக்கும் வந்தது. கம்பும் கேழ்வரகும் இருந்த மானாவாரி நிலத்தில் கடலை நின்றது. பணம் வந்தது உண்மை. அந்தப் பணத்தால் வாங்கிய அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1930களின் உலகப் பெருமந்தத்தில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் கசந்தது. கடலை விலை விழுந்தது. மலிவான பர்மா அரிசியும் சயாம் குருணையும் வந்து குவிந்ததில் தமிழ்நாட்டு நெல் விலையும் விழுந்தது. நெல் விவசாயிகளின் நெருக்குதலால் 1935இல் இறக்குமதிக் குருணைக்கு இந்திய அரசு தீர்வை விதித்தது. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரம்பில்லாமல் கதவைத் திறந்தால் உள்ளூர் விளைச்சல் எப்படி நொடியும் என்பதற்கு உலக வர்த்தக அமைப்பு பிறப்பதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே கிடைத்த பாடம் இது. அதிகம் பேசப்படாத பாடமும்கூட.

1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம், சென்னையில் ரேஷன். மாவட்டத்துக்கு மாவட்டம் தானியம் போகத் தடை, விவசாயியிடம் கட்டாயக் கொள்முதல், ரயிலில் சோதனை என்று பத்தாண்டு போனது. மைசூர் எல்லைக்கு அருகில் இருந்த சந்திப்புகளில் அரிசி மூட்டை பிடிபடுவது அன்றாடச் செய்தி.

1952 ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, ஜூன் மாதமே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். காங்கிரஸுக்குள்ளேயே பலர் பயந்தார்கள். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் ஆதரித்தார். பயந்தபடி விலை எகிறவில்லை. பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் வெற்றிகரமான தாராளமயம் என்று இதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதை முழுக்கச் சந்தையின் வெற்றி என்று எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1951இல் மட்டும் இந்தியா 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்திருந்தது. சந்தை ஏமாற்றினால் கொட்டுவதற்கு அரசின் கிடங்கில் சரக்கு இருந்தது; அது வியாபாரிக்கும் தெரிந்திருந்தது. 1877இல் இல்லாதது அதுதான்.

கிடங்கு காலியானபோது என்ன ஆகும் என்பதை 1960கள் காட்டின. அமெரிக்காவின் பி.எல்.480 உணவு உதவிக் கோதுமையை நம்பிய நாட்டில் 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை தவறியது. ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாகி, அரிசி எல்லை தாண்டுவது மறுபடி குற்றமானது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி திமுக வென்றது. ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்துப் பார்த்ததில் செலவு தாங்கவில்லை. வாக்குறுதி சுருங்கினாலும், அரிசி விலை அரசின் பொறுப்பு என்ற எண்ணம் தமிழ்நாட்டு அரசியலில் வேர்பிடித்துவிட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. கூட்டுறவு ரேஷன் கடை கிராமம்தோறும் வந்தது.

விளைச்சல் பக்கத்தில் வட ஆர்க்காடு உலக ஆய்வாளர்களின் பார்வைக்கே வந்தது. ஐ.ஆர்.8, ஏ.டி.டி.27 முதலான உயர் விளைச்சல் ரகங்கள் வந்த பிறகு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பி.எச்.ஃபார்மர் தலைமையில் இங்குள்ள கிராமங்களை ஆராய்ந்து, பசுமைப் புரட்சி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டே 1977இல் நூல் வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து அதே கிராமங்களுக்குப் போன ஹேஸல், ராமசாமி குழுவினர், சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும்கூட வருமானம் கூடியிருக்கிறது என்று 1991இல் வெளியிட்டார்கள். இரண்டும் உண்மையே. நெல் விளைச்சல் உயர்ந்தது. அதைத் தாங்கியது ஏரி அல்ல, மின்மோட்டார் வைத்த கிணறு. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதும் கிணறு ஆழ்துளையாகிப் பாறையைத் துளைத்துக்கொண்டு போனது. ஏரி மராமத்து மறந்துபோனது. அரிசி கூடியதற்கு அன்று கொடுத்த விலை கண்ணுக்குத் தெரியவில்லை.

தோல் தொழிலின் கதையில் 1970களின் தொடக்கம் திருப்புமுனை. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் வரம்பு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவும்தான் போக வேண்டும் என்பது நோக்கம். இது தாராளமயம் அல்ல, அதற்கு நேர் எதிரான தலையீடு. விளைவு ஏற்றுமதித் தொழிலின் வளர்ச்சி. பட்டையின் இடத்தைக் குரோமியம் உப்பு பிடித்தது. தோலைக் கெடாமல் வைக்கும் சமையல் உப்பும் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து டன் டன்னாக வெளியேறியது.

அந்த நிலையில்தான் 1991 வந்தது. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. ஏற்றுமதி செய்பவருக்கு அதே சரக்குக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. ஆம்பூரின் தோலும் ஷூவும் ஐரோப்பியக் கடைகளுக்கு முன்பைவிட வேகமாகப் போயின.

தானியத்துக்கு அந்தச் சீர்திருத்தம் முன்வாசலால் வரவில்லை. நெல் கொள்முதலும் உணவுக் கழகமும் அப்படியே இருந்தன. மாறியது விளிம்புகளில். 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, யூரியாவுக்கு நீடித்தது. விவசாயி மலிவானதை அள்ளிப் போட்டார். 1991-92இல் 5.9:2.4:1 என்று இருந்த தழை, மணி, சாம்பல் சத்து விகிதம் ஒரே ஆண்டில் 9.5:3.2:1 ஆகக் கெட்டது. பாதிக் கதவை மட்டும் திறப்பதன் தீங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ரேஷனுக்கு மத்திய அரசு தரும் சாதாரண அரிசியின் விலை குவிண்டாலுக்கு 289 ரூபாயிலிருந்து 1991 டிசம்பரில் 377, 1993இல் 437, 1994 பிப்ரவரியில் 537 என்று ஏறியது. மானியத்தைக் குறைக்கும் நோக்கம் நிறைவேறவில்லை. ஏழைகள் ரேஷனில் வாங்குவதைக் குறைத்தார்கள், கொள்முதல் விலையோ ஏறிக்கொண்டே போனது, கிடங்கு வழிந்தது. 2002 ஜூலையில் மத்தியக் கையிருப்பு 6 கோடி டன்னைத் தாண்டியிருந்தது. தலைக்கு ஒரு நாளுக்குக் கிடைத்த உணவு தானியம் 1991இல் 510 கிராம், 2001இல் 416 கிராம். உழைப்பு குறைந்து உணவு மாறியதால் தானியத் தேவை குறைந்தது என்று சொல்லும் பொருளியலாளர்களும் இருக்கிறார்கள். நிரம்பிய கிடங்குக்குப் பக்கத்தில் அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் மட்டும் போதாது. தேங்கிய அரிசியைக் கடைசியில் மானிய விலையில் ஏற்றுமதி செய்தார்கள்.

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. யாரும் அரிசி வாங்கலாம் என்பதே இங்கே நீடித்தது. செலவின் பெரும்பங்கை மாநிலமே சுமந்தது. கிலோ மூன்றரை ரூபாயாக இருந்த அரிசி 2006 ஜூனில் இரண்டு ரூபாய், 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். தாராளமயத்தின் இருபது ஆண்டில் நாட்டின் பொதுப்போக்குக்கு எதிர்த்திசையில் போன மாநிலம் இது. ஜோலார்பேட்டை சுற்றுவட்டாரத்தில் ஒரு கூலிக் குடும்பம் பசியில்லாமல் இருந்ததற்கு உள்ளூர் வயலைவிட இந்தக் கடையே காரணம்.

வயலுக்கு வந்தது வேறு கதி. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கோடு அத்தீர்ப்பு பதிவு செய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்திய நாட்டின் சட்டம் என்று நிலைநிறுத்திய வழக்கு இது. சட்டக் கல்லூரிகளில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை குரோமியத்தைப் பிடித்தன. தண்ணீரில் கரைந்த உப்பை நெடுங்காலம் பிடிக்க முடியவில்லை. உப்பு ஏறிய கிணற்றில் நெல் வராது. சில இடங்களில் தென்னை மட்டும் தாக்குப்பிடித்தது, அதுவும் காய் சிறுத்து. குற்றம் தோலுக்கு மட்டும் உரியதும் அல்ல: பாலாற்று மணலை அள்ளியதும், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஆற்றை மறித்ததும், இலவச மின்சாரத்தில் இறங்கிய ஆழ்துளைக் கிணறுகளும் அதே நிலத்தடி நீரைத்தான் குறைத்தன.

சந்தை நேரடியாகக் கைவைத்த பயிர் நிலக்கடலை. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் திட்டத்தால் 1990களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறத்தாழ தன்னிறைவு பெற்றிருந்தது. 1994இல் பாமாயிலை யாரும் 65 சதவீதத் தீர்வையில் இறக்கலாம் என்று அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு தீர்வை 30 சதவீதம், 1998இல் 15. மலேசிய, இந்தோனேசியப் பாமாயில் வெள்ளமாக வந்தது. பத்தாண்டுக்குள் நாட்டின் எண்ணெய்த் தேவையில் பெரும்பங்கு இறக்குமதியானது. நெல்லுக்கு இருந்த கொள்முதல் பாதுகாப்பு கடலைக்கு இல்லை. திருப்பத்தூர்ச் செம்மண்ணில் கடலை போட்டவர் அதை மரச்செக்குக்கும் மண்டி விலைக்கும் விட்டார். 2007 ஏப்ரலில் தமிழ்நாட்டு ரேஷன் கடையிலேயே மானியப் பாமாயில் வந்து சேர்ந்தது. நுகர்வோர் பக்கம் இது பெரிய நிம்மதி. கடலைக்காரர் பக்கம் அரசே எதிர்க்கடை வைத்ததுபோல ஆயிற்று. நெல்லையும் எண்ணெய் வித்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தாராளமயம் எந்த அளவுக்குக் கதவைத் திறந்ததோ அந்த அளவுக்கே உள்நாட்டு விளைச்சல் அடிவாங்கியது என்பது தெளிவாகிறது.

ஆனால் புன்செய்த் தானியத்தைச் சாய்த்தது இறக்குமதி அல்ல. கம்பும் கேழ்வரகும் தமிழ்நாட்டில் 1960களில் இருந்த பரப்பில் இன்று சிறு பங்கே. இலவச அரிசி ஒரு காரணம். கூலி இன்னொன்று. கேழ்வரகுக்கு நாற்று விட்டு நட வேண்டும், களை எடுக்க வேண்டும், கதிரைக் கொய்து அடித்துப் புடைக்க வேண்டும். இதெல்லாம் பெண்கள் செய்த வேலை. அந்தப் பெண்களை விடியற்காலையில் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிப் பேருந்துகள் ஏற்றிக்கொண்டு போகின்றன. 2001இல் தோல் ஷூ உற்பத்தி சிறுதொழில் ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிறகு பெரிய தொழிற்சாலைகள் கூடின. மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் இருக்கும் வேலையை விட்டு மானாவாரி வயலுக்கு யாரும் திரும்ப மாட்டார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கேழ்வரகு நின்ற நிலத்தில் இப்போது மாவும் தென்னையும் நிற்கின்றன, அல்லது வீட்டுமனைக் கல் நிற்கிறது. ஆம்பூர் பிரியாணிக்கு வேண்டிய சீரகச் சம்பாகூட மண்டி வழியாக வெளியூரிலிருந்து வருகிறது. 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கியது. களி தின்று வளர்ந்த ஊர்களுக்கு அந்தத் தானியம் திரும்பி வந்தது அரசின் மூட்டையில்தான்.

இலவசமான அரிசிக்கு எல்லைக்கு அப்பால் விலை இருக்கிறது. ஜோலார்பேட்டை வழியாகக் கர்நாடகம் போகும் ரயில்களில் ரேஷன் அரிசி மூட்டைகள் இருக்கைக்கு அடியில் பிடிபடுவது வழக்கமான செய்தி. அரிசி அங்கே போய்ப் பட்டை தீட்டப்பட்டு வேறு பெயரில் சந்தைக்கு வருகிறது. 1940களில் பிடிபட்டவர்கள் விலை அதிகமான இடத்துக்கு அரிசி கொண்டுபோனார்கள். இன்று பிடிபடுபவர்களும் அதையே செய்கிறார்கள். ஒரே தண்டவாளத்தின் ஒரு பக்கம் விலை பூஜ்யமும் மறுபக்கம் சந்தை விலையும் இருக்கும்வரை எந்தச் சோதனையும் இதை நிறுத்தாது.

மத்திய அரசும் சந்தையை நம்பியதாகச் சொல்லிக்கொண்டே நெருக்கடியில் கதவைச் சாத்தியது. 2007-08 உலக உணவு விலையேற்றத்தில் பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. 2011 வரை நீடித்தது. தடை நீங்கியதும் இந்தியா உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடானது. 2023 ஜூலையில் வெள்ளை அரிசிக்கு மறுபடி தடை. 2024 செப்டம்பரில் விலக்கு. 2020இன் மூன்று வேளாண் சட்டங்கள் தானியக் கொள்முதல் சந்தையைத் திறக்க முயன்று, தில்லி எல்லையில் ஓராண்டு போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. உணவுப் பாதுகாப்பை எந்த ஆட்சியும் சந்தையிடம் முழுதாக ஒப்படைக்கத் துணியவில்லை. 1877ஐ நினைத்தால் அது நல்லதே.

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சரக்கு ரயில் சென்னைக்குப் புறப்பட்டது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர். அது பாலாற்றுத் தண்ணீர் அல்ல. மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர். பாலாற்றங்கரை ஊர்களே குடிக்கக் காவிரியை எதிர்பார்க்கும் நிலைக்கு முன்பே வந்திருந்தன. உண்பது வெளியூர் நெல், குடிப்பது வெளியூர் ஆறு. இந்த வட்டாரத்தின் உணவுப் பாதுகாப்பு மானியத்தாலும் ரயிலாலும் ஷூ கம்பெனிச் சம்பளத்தாலும் நிற்கிறது, மண்ணால் அல்ல.

1996 தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 1991 முதல் 1998 வரை நேர்ந்த பயிர்ச் சேதத்துக்கு 29,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு தர வேண்டும் என்று 2001 மார்ச்சில் தீர்மானித்தது. அந்தத் தொகை முழுவதும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, மிச்சத்தை ஆறு வாரத்தில் கொடுத்து முடிக்கவும், பாலாற்றைச் சீர்படுத்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது.